படைக்கும் பருவுக்கும் டீ ட்ரீ ஆயிலா, வேப்பெண்ணெயா, மெடிக்கல் களிம்பா?

மண்டபம் பக்கம் மருந்துக்கடையில் நிற்கும் எனக்கு இப்போது அடிக்கடி வரும் கேள்வி, "அக்கா, டீ ட்ரீ ஆயில் இருக்கா?" என்பதுதான். ராமநாதபுரத்துக்கு பஸ்ஸில் காலேஜ் போகும் பிள்ளைகள் முகப்பருவுக்குக் கேட்கிறார்கள். கடலில் பாசி எடுக்கப் போகும் அக்காமார் கால்விரல் இடுக்கில் வெந்து கிடக்கும் புண்ணுக்குக் கேட்கிறார்கள். விசைப்படகுக்குப் போகும் தம்பிமார் கடையில் கூட்டம் கலையும்வரை காத்திருந்து, தொடை இடுக்குப் படைக்குக் கேட்கிறார்கள். மூன்று பேர் கையிலும் போன். மூன்று பேர் பார்த்த வீடியோவும் ஒரே பாட்டிலைத்தான் காட்டியிருக்கிறது. முதல் ஆளுக்கு வாங்கலாம் என்பேன். இரண்டாவது ஆளுக்கு, காலைக் காட்டுங்கள், பிறகு சொல்கிறேன் என்பேன். மூன்றாவது ஆளுக்கு வேண்டவே வேண்டாம் என்பேன். ஏன் என்று விளக்கக் கடையில் நேரம் கிடைப்பதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எண்ணெயைப் பற்றி. தேயிலைச் செடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பகுதியில் வளரும் மெலலூக்கா ஆல்டர்னிஃபோலியா என்ற மரத்தின் இலையை ஆவியில் காய்ச்சி வடிப்பது. நம் நாவல், கொய்யா, யூகலிப்டஸ் எல்லாம் சேர்ந்த குடும்பத்து மரம். அங்கத்திய பழங்குடி மக்கள் இலையை நசுக்கித் தோலில் வைத்துக் கட்டிய பழக்கம் உண்டு. 1920-களில் ஆர்தர் பென்ஃபோல்டு என்ற வேதியியலாளர் இதன் கிருமிகொல்லும் தன்மையைச் சோதித்து எழுதிய பிறகுதான் வெளியுலகம் கவனித்தது. வேலை செய்வது பெரும்பாலும் டெர்பினென்-4-ஆல் என்ற பொருள். ஐ.எஸ்.ஓ. 4730 என்ற சர்வதேசத் தரநிர்ணயப்படி அது குறைந்தது 35 சதவீதம் இருக்கவேண்டும். பாக்டீரியாவையும் பூஞ்சையையும் சோதனைக்கூடத்தில் நன்றாகவே கொல்கிறது. ஆனால் கண்ணாடித் தட்டில் சாகும் கிருமி வேறு, வியர்வையும் உப்பும் ஈரத்துணியும் சேர்ந்த உடம்பில் உட்கார்ந்திருக்கும் கிருமி வேறு.

பருவுக்கு வருவோம். இந்த எண்ணெய்க்கு நான் மனதார இடம் கொடுப்பது இங்கேதான். 1990-இல் ஆஸ்திரேலியாவில் 124 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. பாதிப்பேருக்கு 5 சதவீத டீ ட்ரீ ஜெல், மீதிப்பேருக்கு 5 சதவீத பென்சாயில் பெராக்சைடு என்ற பருக் களிம்பு. இரண்டுமே பருவைக் குறைத்தன. டீ ட்ரீ மெதுவாக வேலை செய்தது. ஆனால் தோல் காய்வதும் எரிவதும் அதில் குறைவு. ஆக, கன்னத்தில் நாலைந்து பரு, அவசரம் இல்லை, பென்சாயில் பெராக்சைடு போட்டால் முகம் உரிகிறது என்றால் 5 சதவீத டீ ட்ரீ ஜெல் நியாயமான தேர்வு. சீக்கிரம் தெரியவேண்டும், காசும் குறைவாக ஆகவேண்டும் என்றால் 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு. அதில் ஒரு தொல்லை உண்டு, துணியை வெளுக்கும். கீழக்கரையிலிருந்து வந்த ஒரு லாத்தா தன் கறுப்புத் துப்பட்டாவை விரித்துக் காட்டினார். தாடை படும் இடத்தில் மட்டும் செம்பழுப்பாக ஒரு திட்டு. ராத்திரி போட்டுக் காலையில் கழுவிவிட்டுத்தான் துணி சுற்றவேண்டும்.

வீடியோ பார்த்துச் செய்வதில் இரண்டு விஷயம் எனக்குச் சங்கடம் தருகிறது. ஒன்று, தேங்காயெண்ணெயில் கலந்து முகத்தில் பூசுவது. பரு வரும் தோலில் தேங்காயெண்ணெய் துவாரத்தை அடைக்கும். மருந்தும் நோயும் ஒரே விரலில் போகிற மாதிரி. இன்னொன்று, கற்றாழைச் சோற்றில் சொட்டுவிட்டுக் கலக்குவது. கலந்த கிண்ணத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், எண்ணெய் குட்டிக்குட்டிப் பொட்டாகத் தனியே மிதக்கும். அந்தப் பொட்டு முகத்தில் படும் இடத்தில் நீங்கள் பூசுவது 5 சதவீதம் இல்லை, முழு எண்ணெய். சிவந்து, தடித்து, பிறகு கறுத்துப்போன கன்னத்தோடு வருகிறார்கள். பருவுக்கு என்றால் ஜெல்லாகவே செய்து விற்பதை வாங்குங்கள். வலியோடு உள்ளே கட்டியாக நிற்கும் பரு, தழும்பு விழும் பரு இவற்றுக்கு டீ ட்ரீ ஜெல், பென்சாயில் பெராக்சைடு இரண்டுமே போதாது. டாக்டரிடம் போகவேண்டும். நீங்களாக வாங்கும் அடாபலீன் போன்ற களிம்புகளைக் கர்ப்பிணிகள் தொடவே கூடாது.

பொடுகுக்கு 5 சதவீத டீ ட்ரீ ஷாம்பூ ஓரளவு கேட்கிறது. 126 பேரிடம் 4 வாரம் நடந்த ஆய்வில் 41 சதவீத முன்னேற்றம். மருந்தில்லாத ஷாம்பூவுக்கு 11. கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை மருந்து கலந்த ஷாம்பூ கிடைக்கும்போது நான் அதைத்தான் முதலில் எடுத்துத் தருவேன். அந்த வாசனையும் எரிச்சலும் பிடிக்காதவர்கள் இதைப் பார்க்கலாம்.

சேற்றுப்புண் கொஞ்சம் சிக்கலானது. பாசி எடுக்கும் பெண்களின் காலைப் பார்த்தால் தெரியும். விரல் இடுக்கு வெள்ளையாக ஊறி, ஓரத்தில் வெடித்து, உள்ளே சிவந்து கிடக்கும். இதில் பாதி பூஞ்சை, பாதி வெறும் ஊறல். மணிக்கணக்கில் தண்ணீரில் நின்ற தோல் தானாகவே கழன்றுவிடும். கடல்தண்ணி பட்டால் புண் ஆறும் என்று நம் பக்கம் சொல்வார்கள். முட்டளவு தண்ணீரில் பத்து நிமிடம் நிற்பவருக்கு அது சரியாக இருக்கலாம். தீவுப்பக்கம் போய் வெயில் ஏறும்வரை முங்கி எழும்புகிறவருக்கு அது பொருந்தாது. கரைக்கு வந்தபிறகும் உப்பு விடுவதில்லை. நல்ல தண்ணியைக் குடக்கணக்கில் விலைக்கு வாங்கும் ஊரில் குளிப்பது போர்த்தண்ணியில்தான், அதுவும் உப்பு. அதனால் நான் சொல்வது, குளித்துமுடித்துக் கடைசியாக ஒரு செம்பு நல்ல தண்ணியைக் கால்விரலுக்கும் தொடை இடுக்குக்கும் ஊற்றுங்கள். காய்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு இடுக்காக ஒற்றி எடுங்கள். இந்த ஒன்றைச் செய்யாமல் எந்தப் பாட்டிலை வாங்கியும் பயனில்லை.

அதன்பிறகு மருந்து. 1992-இல் 104 பேரிடம் 10 சதவீத டீ ட்ரீ க்ரீமைச் சோதித்தார்கள். அரிப்பும் எரிச்சலும் குறைந்தன; ஆனால் சுரண்டிப் பரிசோதித்தபோது பூஞ்சை போனவர்கள் 30 சதவீதம்தான். டோல்நாஃப்டேட் என்ற பூஞ்சைக் களிம்பு போட்டவர்களில் 85 சதவீதம், சும்மா க்ரீம் போட்டவர்களில் 21. இந்த மூன்று எண்ணையும் நான் மறப்பதே இல்லை, ஏனென்றால் "போட்டதும் சுகமா இருந்துச்சுக்கா, மறுபடி வந்துருச்சு" என்று சொல்லி வருபவர்களின் கதை முழுவதும் அதற்குள் இருக்கிறது. பத்து வருடம் கழித்து 2002-இல் இன்னும் கெட்டியாக, 50 சதவீதக் கரைசலில் பார்த்தபோது 64 சதவீதத்தினருக்குப் பூஞ்சை போனது, வெறும் கரைசலுக்கு 31. ஆக கெட்டியாகப் போட்டால் கேட்கும். ஆனால் அதே ஆய்வில் எண்ணெய் போட்டவர்களில் 4 பேருக்குத் தோல் வெந்துபோய் நிறுத்தவேண்டி வந்தது. ஏற்கெனவே வெடித்து நிற்கும் விரலிடுக்கில் 50 சதவீத எண்ணெயை ஊற்றச் சொல்ல எனக்கு மனம் வராது. குளோட்ரிமசோல் அல்லது டெர்பினாஃபின் என்ற பூஞ்சைக் களிம்பு இதைவிடக் குறைந்த விலை, எரிச்சலும் குறைவு, கேட்பதும் உறுதி. வெடிப்பில்லாமல், தோல் மட்டும் செதில்செதிலாக உரிகிற லேசான நிலைமை என்றால் டீ ட்ரீ போட்டுப் பாருங்கள், தடுக்கமாட்டேன்.

விரல்நுனியில் துணிச்சுற்றுக் கட்டிப் பாறையிடுக்கில் பாசி எடுப்பவர்களுக்கு நகச்சுற்றும் வரும். அந்த ஈரத்துணி கரைக்கு வந்ததும் அவிழவேண்டும். எலுமிச்சம்பழத்தைச் செருகி வைப்பதும், மேலே எண்ணெய் சொட்டுவதும் சீழ் வைத்த விரலுக்கு மருந்தாகாது. நகமே மஞ்சளாகித் தடித்துப்போனால் அது வேறு கதை. 1994-இல் முழு எண்ணெயையும் 1 சதவீத குளோட்ரிமசோலையும் 6 மாதம் தினமும் போட்டுப் பார்த்ததில் பரிசோதனைப்படி குணமானது முறையே 18 சதவீதம், 11 சதவீதம். இரண்டுமே தோற்றதாகத்தான் நான் எடுத்துக்கொள்வேன். நகப்பூஞ்சைக்கு மாத்திரை வேண்டும், அதை டாக்டர்தான் எழுதவேண்டும்.

இனி படை, படர்தாமரை. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

தொடை இடுக்கில், இடுப்பில் பெல்ட் இறுக்கும் இடத்தில், பெண்களுக்குப் பாவாடை நாடா ஓரத்தில் வட்டமாக வரும். ஓரம் சிவந்து மேடாக, நடு வெளிறி இருக்கும். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு டியூபில் அடங்கியது இப்போது அடங்குவதில்லை. இதைச் செய்யும் பூஞ்சையே மாறியிருக்கிறது. ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்று 2020-இல் பெயர் வைத்திருக்கிறார்கள். ஜப்பானில், இந்தியாவிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் போனவர்களின் தோலில் எடுத்த மாதிரியிலிருந்து அடையாளம் கண்டது. டெர்பினாஃபின் மாத்திரைக்கே பல நேரம் அது பணிவதில்லை. அப்படிப்பட்ட ஒன்றை எண்ணெய்ச் சொட்டால் விரட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உடம்பில் பரவிய படைக்கு டீ ட்ரீ கேட்கும் என்று தைரியமாகச் சொல்லும்படியான ஆய்வு எதையும் நான் பார்த்ததில்லை. மேலே சொன்ன சேற்றுப்புண், நக ஆய்வுகள் எல்லாம் காலில் நடந்தவை.

ஆனால் இங்கே இருப்பதிலேயே மோசமான தேர்வு டீ ட்ரீ இல்லை. அதைவிட மோசமானது, "படைக்கு ஒரு டியூப் குடுங்க" என்று பெயர் சொல்லி வாங்கும் கலப்புக் களிம்பு. ஒரே டியூபில் பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, ஸ்டீராய்டு மூன்றும் இருக்கும். ஸ்டீராய்டு இரண்டே நாளில் அரிப்பை அமுக்கிவிடும், சிவப்பும் மறைந்துவிடும். பூஞ்சை மட்டும் உள்ளே சாப்பிட்டுக்கொண்டே இருக்கும். நிறுத்தினால் இரண்டு மடங்காக வரும், மறுபடி போடுவார்கள். இப்படி ஓட்டியவர்களின் தொடையைப் பார்த்தால் வட்டத்துக்குள் வட்டம், அதற்குள் இன்னொரு வட்டம். தோல் மெலிந்து, பிரசவத் தழும்பைப்போலக் கோடு விழுந்திருக்கும். அந்தக் கோடு பிறகு போகவே போகாது. இருபது வயதுப் பையன்களிடம் இதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. 2018-இலேயே இப்படிப்பட்ட ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கவேண்டும் என்று மத்திய அரசு கொண்டுவந்தது. சட்டம் வந்தும் டியூப் கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. நீங்களே பார்த்துக்கொள்ளலாம். டியூபின் பின்னால் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மோமெட்டசோன், ஃப்ளூசினோலோன் என்று ஏதாவது இருந்தால் படைக்குப் போடாதீர்கள். ஆங்கிலம் வாசிக்க வராவிட்டால் பிள்ளைகளிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

நாட்டுவைத்தியத்தில் படைக்குப் பூவரசங்காயின் மஞ்சள் பாலையும், சீமை அகத்தி இலையையும் சொல்வார்கள். பூவரசு நம் கரையோரம் எங்கும் நிற்கிறது, காசு கிடையாது. சீமை அகத்தி இலைக்குப் பூஞ்சையைக் கொல்லும் சக்தி இருப்பது சோதனையிலும் தெரிந்ததுதான். ஒரு ரூபாய் அளவுக்குப் புதிதாக வந்த ஒற்றைப் படைக்கு அதை அரைத்துப் பூசிப் பார்ப்பதில் எனக்கு மறுப்பில்லை, ஸ்டீராய்டு டியூபைவிட எவ்வளவோ மேல். வேப்பெண்ணெய் அரிப்பைத் தணிக்கும். ஆனால் தொடை இடுக்கில் எண்ணெய்ப் பிசுக்கோடு வியர்வையும் சேர்ந்தால் இன்னும் ஊறும்.

நான் தேர்ந்தெடுப்பது இதுதான். ஒன்றிரண்டு வட்டம் என்றால் ஸ்டீராய்டு கலக்காத குளோட்ரிமசோல், காலையும் இரவும், வட்டத்துக்கு வெளியே இரண்டு சென்டிமீட்டர் வரை. மறைந்த பிறகும் இரண்டு வாரம் விடாமல். இந்தக் கடைசி இரண்டு வாரத்தில்தான் எல்லோரும் கைவிடுகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விட்ஃபீல்டு களிம்பு தருவதுண்டு. பென்சாயிக் அமிலமும் சாலிசிலிக் அமிலமும் சேர்ந்த அந்தப் பழைய களிம்பைக் குறைவாக நினைக்கவேண்டாம், தடித்த படைக்கு இன்றைக்கும் கேட்கும். முகத்திலும் தொடை இடுக்கிலும் மட்டும் எரியும். பரவிவிட்டது, வீட்டில் இன்னொருவருக்கும் இருக்கிறது என்றால் எல்லோருமாக ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்த் தோல் பிரிவில் காட்டுங்கள். ஒரு ஆள் மட்டும் மருந்து போட்டுக்கொண்டு ஒரே துண்டில் நாலுபேர் துடைத்தால் படை வீட்டைவிட்டுப் போகாது. கைலி, உள்ளாடை எல்லாவற்றையும் உள்பக்கம் வெளியே வர உச்சிவெயிலில் உலர்த்துங்கள். வெயிலுக்கு நமக்குப் பஞ்சமா?

சொறிசிரங்கு வேறு. விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, ராத்திரியில் அரிப்பு அதிகம், வீட்டில் ஒருவர் மாற்றி ஒருவர் சொறிகிறார்கள் என்றால் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிப் பூச்சிதான் காரணம். டீ ட்ரீ அந்தப் பூச்சியையும் சோதனைக்கூடத்தில் கொல்கிறது. ஆனால் கழுத்திலிருந்து கால்வரை முழு உடம்புக்கும் பூசவேண்டிய நோய்க்குச் சொட்டுக்கணக்கில் விற்கும் எண்ணெய் கட்டுப்படியாகுமா? வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசி 814 பேரிடம் நடத்திய முன்னோட்ட ஆய்வு ஒன்று 1992-இல் வந்தது. 97 சதவீதத்தினருக்கு 3 முதல் 15 நாளில் குணம் என்றார்கள். கையில் காசில்லாத வீட்டுக்கு இதை நான் சொல்வேன். காசிருந்தால், அல்லது ஆஸ்பத்திரியில் கிடைத்தால், 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பு. ராத்திரி பூசி 8 முதல் 14 மணி நேரம் விட்டுக் குளிக்கவேண்டும், ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை, வீட்டில் எல்லோரும் ஒரே ராத்திரியில்.

தேமலுக்கு எந்த எண்ணெயும் வேண்டாம். அதைக் கொண்டுவரும் பூஞ்சை எண்ணெய்ப் பசையில்தான் வளர்கிறது. கீட்டோகோனசோல் ஷாம்பூவை நுரைத்து முதுகிலும் நெஞ்சிலும் ஐந்து நிமிடம் வைத்துக் கழுவினால் போதும். நிறம் திரும்ப மாதக்கணக்காகும், மருந்து கேட்கவில்லை என்று பதறவேண்டாம். ஆனால் ஒன்று. வெளிறிய திட்டு அரிக்கவில்லை, அதன்மேல் துணித்திரியால் தொட்டால் தெரியவில்லை, வியர்ப்பதும் இல்லை என்றால் அதைத் தேமல் என்று விட்டுவிடாதீர்கள். தொழுநோயாக இருக்கலாம். அரசு ஆஸ்பத்திரியில் கூட்டுமருந்து முற்றிலும் இலவசம். ஆரம்பத்திலேயே எடுத்தால் ஒரு விரல்கூடப் பழுதாகாது. இதில் வெட்கப்பட்டு எண்ணெய் பூசிக்கொண்டு காலம் கடத்துவதுதான் உண்மையான இழப்பு.

கடலில் பட்ட காயத்துக்கும் எண்ணெய் கிட்டே வரக்கூடாது. திருக்கை முள், கெளுத்தி முள், பாறை கிழித்த வெட்டு இவற்றுக்குச் சுத்தமான தண்ணீரில் கழுவுவது, டி.டி. ஊசி, டாக்டர். வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ என்ற பாக்டீரியா உண்டு. சர்க்கரை நோயோ ஈரல் நோயோ இருப்பவர்களுக்கு ஒரே நாளில் கால் வீங்கிக் கொப்புளம் போட்டு உயிருக்கே வரலாம். ஜெல்லி மீன் பட்ட இடத்திலும் டீ ட்ரீ தேய்க்காதீர்கள். கடல்தண்ணியால் கழுவி, ஒட்டியிருப்பதைக் கையால் தொடாமல் எடுத்து, தாங்கும் சூட்டில் வெந்நீரில் வைப்பதுதான் வலியைக் குறைக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு வாங்குகிறவர்களுக்குச் சில வார்த்தை. பாட்டில் கறுப்போ பழுப்போ நிறக் கண்ணாடியாக இருக்கட்டும், பிளாஸ்டிக் வேண்டாம். மெலலூக்கா ஆல்டர்னிஃபோலியா என்ற மரப்பெயரும் டெர்பினென்-4-ஆல் அளவும் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். காலுக்குப் போடக் கலப்பதானால் 10 மில்லி தேங்காயெண்ணெய்க்கு 10 சொட்டு, அது ஏறக்குறைய 5 சதவீதம். முதலில் முழங்கையின் உள்பக்கம் ஒரு பொட்டு வைத்து இரண்டு நாள் பாருங்கள். சிவந்தால் அந்த எண்ணெய் உங்களுக்கு ஆகாது, எவ்வளவு கலந்தாலும் ஆகாது.

நம் ஊரில் முக்கியமானது சூடு. காற்றும் வெளிச்சமும் வெப்பமும் பட்டால் இந்த எண்ணெய் மாறிப்போகும். மாறிய எண்ணெய்தான் அலர்ஜியைக் கிளப்புவதில் முதல் ஆள். தகரக்கூரை வீட்டு ஜன்னலில், படகு அறையில் வைக்காதீர்கள். மூடியை இறுக்கி பிரிட்ஜ் கதவில் வைத்தால் நல்லது. திறந்து ஆறு மாதமாகி வாசனை காட்டமாக மாறியிருந்தால் கொட்டிவிடுங்கள். தீப்பற்றும் பொருள், அடுப்படியிலும் வேண்டாம். நாய் பூனைக்கு உண்ணி போக்கப் பூசவே கூடாது, அவற்றுக்கு நஞ்சு.

குழந்தை எடுத்துக் குடித்துவிட்டால் கொஞ்சம் போனாலும் தூக்கம், தள்ளாட்டம், மயக்கம் வரை போகும். வேப்பெண்ணெயும் சிறு குழந்தைக்கு உள்ளே போனால் அதே அளவுக்கு ஆபத்து, பாட்டி காலத்து மருந்து என்று சங்கில் ஊற்றிவிடாதீர்கள். வாந்தி எடுக்க வைக்கவேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். பாட்டிலையும் கையோடு எடுத்துப்போங்கள், உள்ளே போனது என்ன, எவ்வளவு என்றுதான் டாக்டர் முதலில் கேட்பார்.